பன்னிரண்டு சாக்குத் தலைகள்

உலகத்தில் துணிக்கா பஞ்சம்? அதுவும் பாஷன் படத்துக்கு? சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் நடப்பார்கள் என்று பேத்தி சொன்னபோது நான் முதலில் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பேத்தி எங்களோடு விம்பிள்டனில் இருக்கிறாள். தாயும் தகப்பனும் லண்டனின் மற்ற அந்தத்தில், பார்க்கிங் என்கிற ஊரில். அங்கிருந்து ஸ்டுடியோவுக்கு வர இரண்டு மணித்தியாலம் என்று சாட்டுச் சொல்லி எங்கள் சின்ன அறையைப் பிடித்துக்கொண்டாள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு படக் கம்பனியில், உடுப்புப் பகுதியில் அவளுக்கு வேலை. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் அடுத்த படத்துக்கும் எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் பழையபடி கோப்பிக் கடையில் பால் நுரைக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மம்மா, இது ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. படத்தின்ரை கதை வெளியிலை போகக் கூடாதெண்டு நான் சைன் பண்ணியிருக்கிறன்."

"அப்ப எனக்கு மட்டும் சொல்லலாமோ?"

"நீங்கள் சொன்னால் ஆர் நம்பப்போகினம்?"

பாருங்கள், யாருடைய வாய் என்று. என்னுடையதேதான்.

கதை இதுதான். பாரிஸ் நகரத்தில் ஒரு பெரிய உடுப்பு வீடு. பணக்காரர் வந்து பார்க்க, பெண்பிள்ளைகள் புது உடுப்பு உடுத்து நடக்கிற இடம். உண்மையில் அங்கே நடப்பது வேவு வேலை. கோட்டுகளின் உள்துணிக்குள் ரகசியத்தைத் தைத்து நாடுவிட்டு நாடு அனுப்புகிறார்கள். நடக்கிற பிள்ளைகளில் ஒருத்தி காட்டிக்கொடுத்துவிட்டாள், யார் என்று தெரியாது. கடைசிக் காட்சியில் பன்னிரண்டு பேரும் தலையில் சாக்கு மாட்டிக்கொண்டு வரிசையாக வருவார்கள். முன் கதிரையில் ஒரு கிழவி இருப்பாள். அவள்தான் எல்லாருக்கும் மேலே. ஒரு பிள்ளை கடக்கும்போது அந்தக் கிழவி தலையை ஆட்டுவாள்.

"ஆட்டினால் என்ன?" என்று கேட்டேன், தெரியாதவள் போல.

"அவள் பினிஷ்ட், அம்மம்மா. ஆளை முடிச்சுப்போடுவினம். கிறீப்பி, என்ன?"

சொல்லிக்கொண்டே பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நல்ல புதுச் சாக்கு. உள்ளே பட்டு. கழுத்தோடு கட்ட ஒரு கயிறு. முகம் வரும் இடத்தில் சோக்குக் கட்டியால் இரண்டு வட்டம் கீறியிருந்தது.

"கண் ரெண்டும் வெட்டி, விளிம்பைக் கையாலை கட்ட வேணும். மெஷின் போட்டால் நார் நாராய் வருது. நாளையிலேருந்து சனி வரைக்கும் நான் அவையளோடை வெளியூரிலை ஷூட்டிங். திங்கள் காலமை பன்னிரண்டும் வேணுமாம். நீங்கள் பொத்தான் ஓட்டை கட்டுவியளே, அது மாதிரி. பிளீஸ்."

இருபது வருடம் இந்த வீட்டில் இருந்து அயலவரின் காற்சட்டைக் கரையும் சட்டைப் பொத்தான் ஓட்டையும் தைத்தவள் நான். பன்னிரண்டு சோடிக் கண் எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனாலும் நான் அந்தச் சாக்கைத் தொடவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் இவர் நடக்கிற சத்தம் கேட்டது.

இவர் என்றால் என் மனுசன்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடிய ஆமி வந்து ஊரை வளைக்கும். எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போகும். அங்கே ஜீப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஒருவனை இருத்தியிருப்பார்கள். தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. நாங்கள் வரிசையில் அவன் முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை இழுத்து மற்றப் பக்கம் விடுவார்கள். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி. பிடித்துக்கொண்டுபோய் அடித்து, உன்னை விடுகிறோம், ஆட்களைக் காட்டு என்று கூட்டிவந்த எங்கள் ஊர்ப் பெடியனாகவும் இருப்பான். யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இவரைப் பிடித்துக்கொண்டு போய் எட்டாம் நாள் எங்கள் ஊரை வளைத்தார்கள். ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே வரிசை. நான் சாக்குக்காரனைக் கடந்தேன். தலை ஆடவில்லை. எனக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவன் என் தம்பி. தலை ஆடியது. தம்பி மற்றப் பக்கம் போனான். இன்றுவரைக்கும் வரவில்லை.

இவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். எலும்பும் தோலுமாக. ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்ததே போதும் என்று இருந்துவிட்டேன். யாரோ ஒரு தலையாட்டி இவரையும் காட்டிக்கொடுத்தான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இரண்டு குளிருக்கு முன்னர், இவர் போன பஸ்ஸில் இரண்டு பெடியள் கண் மட்டும் தெரிகிற கம்பளித் தொப்பி போட்டு ஏறியிருக்கிறார்கள். இவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார். பின்னேரம்தான் ஆளைக் கண்டுபிடித்தோம். ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், வரிசையாக நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். காரை எங்கே விட்டோம் என்று மறந்துபோனார் என்று காவல்காரன் நினைத்திருக்கிறான். எங்களிடம் கார் இல்லை. எங்களைக் கண்டும் யாரென்று தெரியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில். இன்னொரு தரம் இப்படி வந்தால் ஆள் திரும்பி வருவது கஷ்டம் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

ஆனபடியால் இவர் கண்ணில் இந்தச் சாக்கு படக் கூடாது.

பேத்தியிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொல்லாமல் இருக்கத்தானே இத்தனை வருடம் வீடு நிறையப் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். அவளுடைய முகத்தையும் பார்த்தேன். கோப்பிக் கடை அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"அம்மப்பாவுக்குக் காட்டாதை," என்றேன்.

"அவருக்கும் சீக்ரெட்டோ?"

"அவர் கோயிலுக்குப் போய் எல்லாருக்கும் சொல்லிப்போடுவார்."

அவள் நம்பினாள். இவர் கோயிலில் பிள்ளையாரோடுகூடக் கதைப்பது குறைவு.

அந்தக் கிழமை நான் வேவுகாரி ஆனேன். படத்தில் வருபவர்களுக்குச் சம்பளம் உண்டு, எனக்கு அதுவும் இல்லை. இவர் காலை ஒன்பதுக்குக் கோயிலுக்குப் போவார். அதன் பிறகு லைப்ரரியில் பேப்பர் பார்ப்பார். ஒரு மணிக்குச் சோற்றுக்கு வருவார். லண்டன் சூரியன் வராத நாளிலும் இவர் ஒரு மணிக்கு வருவார். ஒன்பதே காலுக்குத் தொடங்கி, பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் ஒளித்துவிடுவேன்.

திங்கட்கிழமை வோஷிங் மெஷினுக்குள் ஒளித்தேன். கலியாணம் செய்த நாள் தொடக்கம் ஒரு கைக்குட்டை தோய்க்காத மனுசன், அன்றைக்குப் பார்த்து உள்பெனியனைக் கொண்டுவந்து மெஷின் கதவில் கை வைத்தார்.

"விடுங்கோ, நான் போடுறன்!"

"ஏன் கத்துறீர்? பெனியன்தானே."

"உங்கடை பெனியனைத் தனியத் தோய்க்க வேணும். மற்ற உடுப்பெல்லாம் ஓடிப்போடும்."

சிரிக்கவில்லை. மெஷினின் கண்ணாடிக்குள் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். நல்ல காலம், மேலே ஒரு துவாயைத் திணித்திருந்தேன். அன்றே எல்லாவற்றையும் சீலைப் பெட்டிக்கு மாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை சோறு போடும்போது என் சுவெட்டர்க் கையிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்தார். ஒரு நார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சாக்கு," என்றார்.

"அரிசிச் சாக்கு."

"இப்ப அரிசி பிளாஸ்ரிக் பையிலைதானே வாறது."

"கடைக்காரன் மாத்திப்போட்டான். பழைய பாஷன் திரும்பி வருதாம்."

அந்த நாரைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

புதன்கிழமை ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வந்தார். வியாழன் பன்னிரண்டரைக்கு வந்தார். நான் அப்போதுதான் பெட்டியை மூடினேன். வந்தவர் ரேடியோவைப் போடவில்லை. கதிரையைத் திருப்பி வாசலைப் பார்க்க வைத்து இருந்தார். யாரும் வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வீட்டுக்குப் பின்னால் ட்ராம் போகும் ஒவ்வொரு முறையும் அவருடைய கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. நான் அவரை வேவு பார்க்க, அவர் என்னை வேவு பார்க்கிறார் என்று விளங்கியது. பேத்திக்குப் போன் அடித்து, எல்லாவற்றையும் கொண்டுபோ என்று சொல்ல நினைத்தேன். பதினொரு சாக்கு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை, அன்னதானம். எப்படியும் ஒரு மணிக்கு முதல் வரமாட்டார்.

அந்த ஒன்றுதான் மோசம் செய்தது. பன்னிரண்டாவதின் கண் இரண்டும் கொஞ்சம் தள்ளிப்போனது போல இருந்தது. குசனில் மாட்டிப் பார்த்தேன். குசனுக்கு மூக்கா, கண்ணா? தலை வேண்டும். வீட்டில் இருந்தது என்னுடைய தலை.

போட்டேன். பின்னால் கயிற்றையும் கட்டினேன், கட்டினால்தானே சரியாக நிற்கும். ஜன்னல் பக்கக் கதிரையில் இருந்தேன். உள்ளே நல்ல இருட்டு. பட்டு கன்னத்தில் குளிர்ந்தது. சாக்கின் தூசி மூக்குக்குள் ஏறியது. இரண்டு ஓட்டைக்குள்ளால் என்னுடைய வீடே என்னுடையது போல இல்லை. மேசை எட்ட நின்றது. கதவு மட்டும் கிட்ட இருந்தது.

அந்தக் கதவு திறந்தது.

இவர் நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் குடை. சாவிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, சாக்குக்குள் என் மூச்சின் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. தலை அசையக் கூடாது. மேலே கீழே, இந்தப் பக்கம் அந்தப் பக்கம், ஒரு மயிரளவும் அசையக் கூடாது. அவர் முன்னால் நிற்கிறார், நான் சாக்குக்குள் இருக்கிறேன். அசைந்தால் இந்த மனுசன் முடிந்தார். கழுத்து நோக நோகச் சிலை மாதிரி இருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, தூசியாலா வேறு எதனாலா தெரியாது.

அவர் குடையைச் சுவரோடு சாத்தினார். செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்தார். ஓடவில்லை. நடுங்கவில்லை. நேரே வந்தார், என்னைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். கழுத்தில் அவருடைய விரல் பட்டது. ஒரே இழுவையில் கயிறு அவிழ்ந்தது.

"இப்பிடிக் கட்டுறேல்லை," என்றார். "இறுகிப்போடும்."

சாக்கைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்குக்கு வெட்டேல்லையே?"

அவர் கண் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"மூக்குக்கு விட வேணும். இல்லாட்டில் தூசி தொண்டைக்குள்ளை போகும். இருமல் வரும்." சாக்கை மற்றப் பக்கம் திருப்பினார். "இருமினால் தலை ஆடும்."

வெளியே ட்ராம் போனது. அது போய் முடியும்வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

அன்று தம்பி முன்னால் நிற்க அந்தச் சாக்கு ஆடியதை நான் திரும்பிப் பார்த்தவள். ஒரு தரம் இல்லை. கட கடவென்று நாலைந்து தரம் ஆடியது. ஒரு ஆட்டே போதாதா, என் தம்பியை இப்படி ஆட்டி ஆட்டிக் கொடுத்தாயே என்று எத்தனை வருடம் அந்தத் தலையைத் திட்டியிருப்பேன்! முருகனுக்கு முன்னால் நின்றுகூடத் திட்டியிருக்கிறேன், பக்கத்தில் இவர் கைகூப்பிக்கொண்டு நிற்க.

"எத்தினை?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு."

"ஆருக்கு?"

"படத்துக்கு. பிள்ளையின்ரை வேலை."

"அவளுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

மேசையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார். இரண்டு கண்ணுக்கும் நடுவில், கொஞ்சம் கீழே, சின்னதாக ஒரு கீறல் வெட்டினார். அளவு பார்க்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் ஊசியை எடுத்தேன். என்ன செய்வது, விளிம்பு கட்டாவிட்டால் நார் வந்துவிடும். அவர் வெட்ட வெட்ட நான் கட்டினேன். அந்த வெள்ளியும் அடுத்த நாளும் எங்கள் வீட்டில் கத்தரிக்கோலின் சத்தத்தைத் தவிர ஒரு கதையும் இல்லை.

சனி பின்னேரம் பேத்தி வந்து பையைத் திறந்தாள். முகம் கறுத்துவிட்டது.

"அம்மம்மா! இது என்ன? டிசைன்லை இது இல்லையே! என்னைக் கொல்லப்போகினம்!"

இவர் மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்து வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் வெட்டினனான். போட்டுப் பாத்தன், மூச்சு முட்டினது. உன்ரை பெட்டையள் மயங்கி விழுந்தால் ஆர் தூக்குறது? அந்தக் கிழவியோ?"

"உங்களை ஆர் போட்டுப் பாக்கச் சொன்னது?"

"வடிவாயிருக்குமோ எண்டு பாத்தனான். எனக்கு ஆர் பாஷன் காட்டுறது?"

அவள் அழுகிற மாதிரிச் சிரித்தாள். திங்கட்கிழமை பயந்து பயந்து கொண்டுபோனாள். அங்கே ஒத்திகையில் மூக்கில்லாத பழைய மாதிரிச் சாக்கைப் போட்ட ஒரு பிள்ளை விளக்கு வெக்கையில் சுருண்டு விழுந்திருக்கிறாள். உடுப்புப் பகுதிக்குப் பெரியவள் எங்களுடைய சாக்கைக் கையில் எடுத்து, யாருடைய யோசனை என்று கேட்டாளாம். அம்மம்மாவின் யோசனை என்று பேத்தி சொன்னாளாம். அடுத்த படத்துக்கும் வா என்றார்களாம். வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள். போனில் களவாக எடுத்த ஒரு துண்டுப் படத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

நான் வாங்க முதல் இவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு சாக்குத் தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவந்தன. முழுவதையும் பார்த்தார்.

"முன்னுக்கு இருக்கிற கிழவிதான் தலையாட்டுறவவோ?"

"ஓம் அம்மப்பா. அவதான் பொஸ்."

"அவவுக்குச் சாக்கு இல்லையோ?"

"அவவுக்கு எதுக்கு? அவவுக்கு என்ன பயம்?"

"எல்லாம் மாறிக் கிடக்கு," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பேத்தி அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள். மேலே தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் நான் அவருக்கு முன்னால் போய் இருந்தேன். இத்தனை வருடத்தில் அந்த மனுசனிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன், மரக்கறிக் கடையில் ஏன் பழுத்த பாகற்காய் வாங்கினீர்கள் என்பது வரைக்கும். இதை இப்போதும் கேட்காவிட்டால் இனி நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது.

"இஞ்சாருங்கோ. உங்களைச் சாக்கோடை இருத்தினது எந்தப் பள்ளிக்கூடத்திலை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"அண்டைக்கு நீர் உடுத்திருந்தது மஞ்சள் சீலை. பச்சைக் கரை," என்றார். "இருமல் வந்து தொண்டையிலை நிண்டது. நீர் கடக்கிற வரைக்கும் நான் மூச்சு விடேல்லை. அதுக்குப் பிறகு அடக்க ஏலாமப் போச்சு."

நான் அவருடைய கையிலிருந்த கோப்பையை வாங்கினேன். அரைவாசித் தேத்தண்ணீர் இன்னும் இருந்தது. ஊற்றிவிட்டுக் கழுவினேன்.